அடெப்ட் என்றொரு கட்டம்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர். வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆள் ஒல்லி, குரல் சன்னம், ஊசி ஏறுவது தெரியாது; எழுந்து நாலு அடி நடந்த பிறகுதான் கையில் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருஷமாக அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நாளைக்கு எண்பது தொண்ணூறு கைகள். வரிசையில் நிற்பவர்கள்கூட, "அந்தக் கொசு மேடம் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் வாங்குவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டில் கணவர் வைத்திருந்த பெயர்களைப் பார்க்கும்போது இது எவ்வளவோ மேல்.

ஒரு திங்கட்கிழமை காலை மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. படிவம் என்றால், எங்கேயோ ஒரு குளுகுளு அறையில் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்திருக்கிறார் என்று அர்த்தம். நிரப்புகிறவர்களின் மண்டையைப் பற்றி அவருக்கு என்ன கவலை. மூன்றாம் மாடியில் குழந்தைகள் வார்டு திறக்கப் போகிறார்கள்; அங்கே ரத்தம் எடுக்க ஒரே ஓர் ஆள் வேண்டும். விரும்புகிறவர்கள் தங்கள் திறமை எந்த அளவு என்று தாங்களே குறிக்க வேண்டும். அதற்கு நாலு கட்டம், நாலு இங்கிலீஷ் வார்த்தை: பிகினர், காம்பிடென்ட், ப்ரொஃபிஷியன்ட், அடெப்ட். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டவர்களை மட்டும்தான் அந்த வேலைக்குப் பார்ப்பார்கள். டிக் போட்டால் போதாது. பின்பக்கத்தில், அதற்குச் சான்றாக ஒரு சம்பவம் எழுதி, கூட வேலை செய்கிறவர் ஒருவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

கொசு அந்த மூன்றாம் மாடி அறையை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். காலி ட்யூப் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் போனவள், பத்து நிமிஷம் அங்கேயே நின்றாள். சுவர் முழுக்க மீன் படம். குட்டி நாற்காலி. அதன் பக்கத்தில், இடுப்பு உயரத்திலிருந்து மேற்கூரை வரைக்கும் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு மரம். பத்தொன்பது வருஷத்தில் வெளியே மழையா வெயிலா என்பதை நோயாளிகளின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் அவள். அவளுக்கு அந்த ஜன்னல் வேண்டும். அந்தக் குழந்தைகளும் வேண்டும். பெரியவர்கள் வலித்தாலும் பரவாயில்லை மேடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். குழந்தைக்கு அந்த நடிப்பெல்லாம் வராது. குழந்தை அழாமல் எழுந்து போனால் அதுதான் உண்மையான பாராட்டு. இதுவரை வாய் திறந்து எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"என்னங்க, அடெப்ட்னா என்ன?"

கணவர் பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் போனை எடுத்துத் தட்டினார்.

"கைதேர்ந்தவர்னு போட்டிருக்கு. அட, கைவந்த கலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு நாக்கைச் சுழட்டணும்?"

சுழற்றிய நாக்கு அதோடு நிற்கவில்லை. அவரை அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. டீ போட்டுக் கொண்டுவந்து, "டீ போடறதுல நான் அடெப்ட்" என்றார். ரிமோட்டைத் தேடி எடுத்து, "தொலைஞ்சதைத் தேடறதுல நான் அடெப்ட்" என்றார். தொலைத்ததும் அவர்தான். கடைசியில், "உங்கம்மா என் வாயை அடைக்கறதுல அடெப்ட்" என்று மகளிடம் சொன்னார்.

மகள் காலேஜ் இரண்டாம் வருஷம், இங்கிலீஷ் இலக்கியம். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஆனா கரெக்டாத்தான்பா சொல்றீங்க. எதுலன்னு சேர்த்தே சொல்றீங்க பாருங்க, அப்படித்தான் சொல்லணும். வெறுமனே அடெப்ட்னு விட்டா, எதுலன்னு கேள்வி தொங்கும்."

"அப்போ எக்ஸ்பர்ட்னா?" என்று கொசு கேட்டாள்.

"எக்ஸ்பர்ட்னா நெறைய விஷயம் தெரிஞ்சவங்கம்மா. மேடை போட்டுப் பேசுவாங்க. அடெப்ட்னா செஞ்சு செஞ்சு லாவகம் வந்தவங்க. யோசிக்கறதுக்கு முன்னாடியே கை போயிடும். அப்பா கியர் போடற மாதிரி." அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீ சொல்லும்மா, நரம்பைக் கண்ணால பார்த்தா குத்துவே?"

"கண்ணால என்ன தெரியும்? விரலாலதான் பார்ப்பேன்."

"அவ்வளவுதான். டிக் பண்ணு."

டிக் பண்ணினாள். பத்தொன்பது வருஷமாகச் செய்கிற வேலைக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் யோசித்தாள். ஒரு சம்பவம்கூடக் கிடைக்கவில்லை. நோயாளி வருவார், கையை நீட்டுவார், ரப்பர் பட்டையைக் கட்டுவாள், ரத்தம் வரும், பஞ்சை வைத்து மடக்கச் சொல்வாள், அவர் போய்விடுவார். இதில் எதைச் சம்பவம் என்று எழுதுவது? நினைவில் நின்றவை எல்லாம் சொதப்பிய நாட்கள்தான். ஒரு பெரியவர் மயங்கி விழுந்தது, ஒருமுறை ட்யூபில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டவிருந்து கடைசி நொடியில் கண்டுபிடித்தது. ஒழுங்காக நடந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதானே அவள் வேலை! இதை அந்தக் குளுகுளு அறைக்காரருக்கு யார் போய்ச் சொல்வது?

புதன்கிழமை காலை சம்பவம் தானாக நடந்து வந்தது. அதற்கு ஆறு வயது, முன்பல் ஒன்று இல்லை.

இங்கே அந்தக் கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் ஒருவர் இரண்டு தடவைதான் குத்தலாம். இரண்டிலும் ரத்தம் வரவில்லை என்றால், ஊசியை மஞ்சள் டப்பாவில் போட்டுவிட்டு, "கை மாத்து" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தன் வேலையை விட்டுவிட்டு வருவார். வெளியாட்கள் கேட்டால் யாரோ அவசரக் கடன் கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். காரணம் எளிமையானது: இரண்டு தடவை தவறிய பிறகு எவ்வளவு பெரிய கைக்காரருக்கும் ரோஷம் வந்துவிடும். ரோஷத்தோடு குத்துகிற மூன்றாவது குத்து நோயாளிக்காகக் குத்துவது இல்லை. மற்றவர்கள் கொசுவைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள். கொசு சொன்னது மொத்தமே நாலு தடவை. வாய்க்குப் பழக்கம் இல்லை.

அந்தச் சிறுமியின் கை கொழுகொழுவென்று இருந்தது. விரலுக்கு நரம்பு தட்டுப்பட்டது, ஊசி போனதும் நழுவிவிட்டது. இரண்டாம் தடவை ஒரு சொட்டு வந்து நின்றுபோனது. சிறுமி அழவில்லை. உதட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, கொசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டடி தள்ளி அடுத்த நாற்காலிக்குப் பக்கத்தில், கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் சும்மாதான் நின்றாள். மூக்கு நுனியில் தடித்த கண்ணாடி போட்டவள், கொசுவோடு பதினான்கு வருஷமாக வேலை செய்பவள். ட்யூபைக் கீழே வைத்துவிட்டு, கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள். கொசுவின் மேல்கோட்டுப் பையில் அந்தப் படிவம் நாலாக மடித்துக் கிடந்தது. அவள் கூப்பிடவில்லை. புது ஊசியை எடுத்தாள். மூன்றாவது குத்தில் ரத்தம் குபுகுபுவென்று வந்தது.

"அப்பாடா" என்றாள் தாய்க்காரி. "வேற யாராயிருந்தாலும் முடிஞ்சிருக்காது மேடம்."

சிறுமி வாசல் வரைக்கும் போய், திரும்பிப் பார்த்து, அம்மாவிடம் மூன்று விரலைக் காட்டினாள்.

அன்று மாலை, கொசு பின்பக்கத்தை நிரப்பினாள். நரம்பு கிடைக்காத ஆறு வயதுக் குழந்தைக்கு, குழந்தை அழாமல், வெற்றிகரமாக ரத்தம் எடுத்தேன். மகள் அதை அழகான இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தாள். எத்தனை தடவை குத்தினாள் என்று மகள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் மடித்து வைத்த தாளை இரண்டு தடவை வெளியே எடுத்துப் படித்தாள்.

மறுநாள் கண்ணாடியிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். கண்ணாடி நிதானமாகப் படித்தாள்.

"நான் ரெண்டடி தள்ளித்தான் நின்னுட்டு இருந்தேன், அக்கா."

"தெரியும்."

"கூப்பிடுவீங்கன்னு கையெல்லாம் துடைச்சு வெச்சுட்டேன்."

கண்ணாடி பேனாவைத் திறந்தாள். "ரத்தம் எடுத்தீங்க, அது நிஜம். புள்ள அழலை, அதுவும் நிஜம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மாட்டேன் என்று சொல்லிச் சண்டை போட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். இப்படி மரியாதையாகப் போட்டுக் கொடுத்தது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நீ ஏன் அந்தக் கட்டத்துல டிக் போடலை?" என்று கொசு பேச்சை மாற்றினாள்.

"எனக்கு ஜன்னலெல்லாம் ஒத்துவராதுக்கா. வேடிக்கை பார்த்துட்டு உட்கார்ந்துடுவேன்."

கடைசிக் கட்டத்தில் டிக் போட்டவர்கள் இரண்டே பேர். கொசு ஒருத்தி, சாயங்கால ஷிப்டில் இருக்கும் நெட்டை என்ற இளைஞன் ஒருவன். விசிலடித்துக்கொண்டே ஊசி போடுவான், நல்ல கைதான். இருவரையும் நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார். கொசுவின் நாள் அடுத்த புதன்கிழமை.

புதன்கிழமை டாக்டரம்மா பேனாவும் அட்டையுமாக வந்து சுவரோரமாக நின்றார். முதல் நாலு பேர் வந்தார்கள், போனார்கள். கொசுவின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. டாக்டரம்மாவின் பேனா அசைந்துகொண்டே இருந்தது, முகத்தில் திருப்தி தெரிந்தது. கொசு மனசுக்குள் மூன்றாம் மாடி ஏறி, ஜன்னலைத் திறந்தே விட்டாள். ஐந்தாவது டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

முன்பல் இல்லாத அதே சிறுமி. வாராவாரம் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அது மூணு தடவ குத்தற ஆன்ட்டிம்மா."

ரகசியமாகத்தான் சொன்னாள். அந்த வயசு ரகசியம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். தாய்க்காரி அசடு வழிந்தாள். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

கொசுவின் காது சூடாகிவிட்டது. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பெயரை யாரும் வைத்ததில்லை. அவள் எழுந்து போய்ச் சிறுமியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு."

"பொய்."

"ஒண்ணு. அதுல வரலைன்னா நான் எழுந்துடுவேன். அந்தக் கண்ணாடி ஆன்ட்டி வருவாங்க."

சிறுமி கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாள், கொசுவை ஒரு பார்வை பார்த்தாள். வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

கொசு விரலை வைத்தாள். போன வாரம் நழுவிய அதே நரம்பு. ரப்பர் பட்டையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி, தோலை இழுத்துப் பிடித்து, நீலச் சிறகு வைத்த சின்ன ஊசியை இறக்கினாள். வரவில்லை. ஊசி வெளியே வந்த அந்த நொடியில், நரம்பு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நூல் அளவு இடதுபக்கம். அடுத்த குத்தில் நிச்சயம் வரும். யோசிக்கும் முன்பே வலது கை புது ஊசி இருக்கும் தட்டுக்குப் போய்விட்டது. மகள் சொன்ன மாதிரியே.

கையைத் தட்டிலிருந்து எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எடுத்தாள். பழைய ஊசியை மஞ்சள் டப்பாவில் போட்டாள்.

"கை மாத்து" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

"உங்களுக்கு இன்னொரு தடவை இருக்கே?" என்றார் டாக்டரம்மா. "ரெண்டுதானே இங்கே வழக்கம்?"

"போன வாரம் இவ கையில மூணு குத்திட்டேன் டாக்டர். ரெண்டோட நிறுத்தியிருக்கணும், ரோஷத்துல நிறுத்தலை. அந்தப் படிவத்துல எழுதியிருக்கேனே, அது இவதான். இன்னிக்கு ஒண்ணுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

கண்ணாடி ஏற்கெனவே கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கொசு நாற்காலியை விட்டு எழுந்து, "இடதுபக்கம், ஒரு நூல்" என்று மட்டும் சொன்னாள். கண்ணாடி மூக்கு நுனியிலிருந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். சிறுமியின் இன்னொரு கையைக் கொசு பிடித்துக்கொண்டிருந்தாள். யார் கை வியர்த்திருந்தது என்று சொல்ல முடியாது.

மூன்றாம் மாடி ஜன்னல் நெட்டைக்குப் போயிற்று. டாக்டரம்மா கூப்பிட்டு நல்லபடியாகவே சொன்னார். நெட்டையின் படிவத்தில் குறை ஒன்றும் இல்லை, நேரில் பார்த்ததிலும் இல்லை. கொசு தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக அழுதாள். கணவர் அன்றைக்கு எதிலும் அடெப்ட் இல்லாமல், சத்தம் போடாமல் பாத்திரம் கழுவி வைத்தார்.

வார்டு திறந்தது. குழந்தைகள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். கீழே பெரியவர்கள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்று வாரம் ஓடியது. ஒரு புதன்கிழமை காலை, வரிசையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தலை தெரிந்தது. பல் பாதி முளைத்திருந்தது. பின்னால் தாய்க்காரி சங்கடமாக நெளிந்துகொண்டிருந்தாள்.

"மூணு வாரமா மேலதான் எடுத்தோம், இன்னிக்கும் அங்கதான் போகச் சொன்னாங்க மேடம். மீன் படமெல்லாம் காட்டினேன். கேக்க மாட்டேங்கறா."

"ஏன், அந்த விசில் அண்ணன் நல்லா எடுப்பாரே?" என்றாள் கொசு.

சிறுமி குட்டி நாற்காலி இல்லாத அந்த அறையில், பெரியவர்கள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. கையை நீட்டினாள்.

"நீங்க ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணுதான் குத்துவீங்க."

இதைக் கேட்டதும் அடுத்த நாற்காலியில் கண்ணாடி எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். கொசு பட்டையைக் கட்டினாள், விரலை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்கிற பெண் தன் பென்சிலைக் கடித்துவிட்டதைப் பற்றிச் சிறுமி சொல்ல ஆரம்பித்தாள். பென்சிலின் நிறம், கடித்த இடம், டீச்சர் சொன்னது, எல்லாம் வந்தன. அவள் நடுவில் நிறுத்தி, "எப்போ குத்துவீங்க?" என்று கேட்டபோது, கொசு நிரம்பிய ட்யூபில் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணவர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு எப்படிப் போச்சு? ஏதாவது நடந்துச்சா?"

கொசு டீயை வாங்கிக்கொண்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகம் நன்றாக மலர்ந்திருந்தது.

"ஒண்ணுமே நடக்கலைங்க" என்றாள்.